பர்னார்டு விண்மீனும் அதன் கோள்களும்

சென்ற பருவத்தில், சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் காணும் சோதனை எனக்கு வாய்த்தது. பத்து முறை அளந்தேன். பத்து முறையும் ஏறக்குறைய ஒரே விடை. ஆனால் நூலில் உள்ள விடை அதுவன்று! பத்து முறை பார்த்துவிட்டேனே என்று ஆசிரியரிடம் வாதாடினேன். அவர் என் எண்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்த மேசைக் கருவியில் ஒருமுறை அளந்து வரச் சொன்னார். அளந்தேன்; விடை சரியாக வந்தது. என் கருவியில் கீற்றணி சற்றே கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தது. பொருத்தியவன் நானேதான்.

நம் மலருக்குக் கட்டுரை தருமாறு செயலாளர் கேட்டபோது இந்நிகழ்ச்சியே நினைவுக்கு வந்தது. வானியலில் இதே கதை ஒரு விண்மீனைச் சுற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது.

பர்னார்டு விண்மீன் ஏறத்தாழ 6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆல்ஃபா செண்டாரி என்னும் மூவிண்மீன் குடும்பத்தை விட்டால், ஞாயிற்றுக்கு அடுத்த அண்டை வீட்டு விண்மீன் இதுவே. ஆயினும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. அத்துணைச் சிறியது, மங்கியது. இதன் நிறை ஞாயிற்றின் நிறையில் ஆறில் ஒரு பங்கு. மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 2,900 டிகிரி, ஞாயிற்றுக்கோ 5,500. இது வானில் விரைந்து இடம்பெயர்வதை 1916-இல் எட்வர்டு பர்னார்டு கண்டறிந்தார். முழுநிலவின் அகலத்தைக் கடக்க இதற்கு ஏறத்தாழ 175 ஆண்டுகள் வேண்டும். இதுவா விரைவு என்று நகைக்க வேண்டா. வானில் இதனினும் விரைந்து நகரும் விண்மீனை நாம் அறியோம்.

விண்மீன் கோளை இழுக்கிறது என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. கோளும் விண்மீனை இழுக்கிறது. ஆகவே கோள் உடைய விண்மீன் நேர்கோட்டில் செல்லாது. சற்றே நெளிந்து செல்லும். அந்நெளிவைத் தேடினார் பீட்டர் வான் டி காம்ப். அமெரிக்காவில் ஸ்பிரௌல் வானாய்வுக்கூடத்தில் 1938 முதல் ஆண்டுதோறும் ஒளிப்படத் தகடுகள் சேர்த்தார். இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்தன. 1963-இல், வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று 24 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்விண்மீனைச் சுற்றுகிறது என்று அறிவித்தார். உலகம் நம்பியது.

1973-இல் கேட்வுட், ஐக்ஹார்ன் என்னும் இருவர் வேறு தொலைநோக்கிகளில் எடுத்த தகடுகளை அளந்தனர். நெளிவைக் காணோம்! அதே காலத்தில் ஸ்பிரௌலிலேயே பணியாற்றிய ஜான் ஹெர்ஷி, அங்கு எடுத்த தகடுகளில் வேறு விண்மீன்களும் அதே ஆண்டுகளில் நெளிவதைக் கண்டார். அவ்வாண்டுகளிலேதான் தொலைநோக்கியின் வில்லை கழற்றிச் சீர்செய்யப்பட்டிருந்தது. நெளிந்தது விண்மீன் அன்று, கருவி. 1995-இல் மறையும்வரை வான் டி காம்ப் இதை ஒப்பவில்லை. அவரை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. பத்து அளவைகளுக்கே நான் அவ்வளவு வாதாடினேன். அவருடையதோ வாழ்நாள் உழைப்பு.

பிற்காலத்தார் வேறு வழி கண்டனர். கோள் இழுக்கும்போது விண்மீன் நம்மை நோக்கிச் சிறிது வரும்; பின் விலகும். வந்தால் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகினால் சிவப்புப் பக்கம். சிறிய விண்மீன் எளிதில் அசையுமாதலால், சிறு கோள்களைத் தேட அதுவே ஏற்றது. இம்முறையில் 2018-இல் ஒரு குழு, ஏழு கருவிகளின் எழுநூற்றுக்கு மேற்பட்ட அளவைகளைத் திரட்டி, 233 நாளில் சுற்றும் கோள் ஒன்று உண்டு என்றது. ஏழு கருவிகள்! அடுத்த மேசைப் பாடம் இங்கே உதவவில்லை. ஏனெனில் இம்முறை ஏமாற்றியது விண்மீனேதான். அது தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ 145 நாள் ஆகிறது. அதன் முகத்திலுள்ள புள்ளிகள் சுழன்று வருவதால் கோடுகள் நகர்கின்றன. அந்தச் சுழற்சியும், நாம் ஓராண்டு முறையில் நோக்கும் காலமும் கலந்து 233 நாள் என்னும் போலித் தாளத்தைத் தந்தன என்று 2021-இல் வேறொரு குழு காட்டியது.

2024 அக்டோபரில், சிலி நாட்டுப் பரனால் மலையிலிருந்து புதிய செய்தி வந்தது. அங்குள்ள நிறமாலைக் கருவியின் பெயர் எஸ்பிரெஸ்ஸோ. (விடுதிக் காப்பி குடிக்கும் நமக்கு அப்பெயரைக் கேட்டாலே பொறாமை எழும்.) விண்மீன் 3.15 நாளுக்கு ஒருமுறை, நொடிக்கு 55 செண்டிமீட்டர் அளவில் அசைகிறது என்றது கொன்சாலஸ் எர்னாண்டஸ் குழு. நாம் உலாவும் நடையினும் இது மெதுவானது! விண்மீனோ நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் இந்த அரை மீட்டரைப் பிரித்தறிய வேண்டும். மேலும் மூன்று கோள்கள் இருக்கலாம் என்றும் அக்குழு ஐயுற்றது, உறுதி கூறவில்லை.

ஹவாய் தீவின் மவுனா கியா மலையில், ஜெமினி தொலைநோக்கியில் மரூன்-எக்ஸ் என்னும் மற்றொரு கருவி உண்டு. அதைக் கொண்டு வேறு குழுவினர் தனியே 112 இரவுகள் அளந்து வைத்திருந்தனர். 2025 மார்ச்சில் அவர்கள் முடிவு வெளிவந்தது. 3.15 நாள் கோள் அங்கும் இருந்தது. ஐயத்திலிருந்த மூன்றில் இரண்டும் இருந்தன. நான்காவது மட்டும் தனியே தெளிவாகவில்லை. இரு மலைகளின் அளவைகளையும் ஒன்றாகச் சேர்த்த பிறகே, 6.74 நாளில் சுற்றிவரும் அக்கோள் உறுதியாயிற்று. நான்கில் மிகச் சிறியது அதுவே. புவியின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.