எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

மே மாதம் வந்துவிட்டால் டீக்கடை முதல் கல்யாண வீடு வரை ஒரே பேச்சுதான்: "பிள்ளையை எங்கே சேர்க்கப் போறீங்க?" கேட்கிறவர் எதிர்பார்ப்பது ஒரு பள்ளியின் பெயரை. அதற்கு முன் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளி எதற்கு என்பது. தடங்கலில்லாமல் வாசிக்க, கணக்கைக் கண்டு பயப்படாமல் இருக்க, வேறு வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டுச் சமாதானமாகப் பழக. டாக்டர், என்ஜினீயர் எல்லாம் பிறகு. ஆனால் அந்தப் பிறகுக்கான சில கதவுகள் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலுமே சாத்தப்பட்டுவிடுகின்றன. சேர்க்கை நாளில் இதை யாரும் சொல்வதில்லை.

'மெட்ரிக்' என்ற சொல்லுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. 2010-11இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் சமச்சீர் கல்வி வந்தது. மறு ஆண்டு, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பத்தாம் வகுப்பு வரை விரிந்தது. அன்று முதல் மெட்ரிக் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் பாடத்திட்டம் ஒன்று, பொதுத்தேர்வும் ஒன்று. கட்டுகிற பணம் ஆங்கில வழிக்கும், வேனுக்கும், டைரியில் தினமும் விழும் கையெழுத்துக்கும். அது தேவை என்று நினைத்தால் தாராளமாகக் கட்டலாம். 'உசந்த பாடம்' என்று நினைத்துக் கட்ட வேண்டாம். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அது நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு ஒரு நிஜமான பலம் உண்டு. நீட், ஜேஇஇ தேர்வுகள் என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டியவை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஊர் ஊராக மாற்றல் வரும் என்றாலும் அதுவே வசதி. ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு கிடையாது; பிளஸ் டூ மதிப்பெண் போதும். வீட்டில் ஆங்கிலப் பாடத்தைச் சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால், ஒன்றாம் வகுப்பிலேயே டியூஷன் தொடங்கிவிடும். பள்ளிக்கு ஒரு ஃபீஸ், டியூஷனுக்கு ஒரு ஃபீஸ். அந்தப் பிள்ளை விளையாடுவது எப்போது?

அரசுப் பள்ளியின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. பிள்ளைகள் குறைந்த ஊர்களில் இந்தக் கணக்கு ஈராசிரியர் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறது: ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர். அதில் ஒருவர் மீட்டிங்குக்குப் போனால் அன்றைய பாடம் போச்சு. நடக்கிற தூரத்தில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் அரசுப் பள்ளி அமைந்தாலோ, தொடக்கக் கல்விக்கு அதைவிட நல்ல இடத்தை நான் தேடமாட்டேன். காலை உணவு அங்கேயே கிடைக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது.

இனி அந்தக் கதவுகள். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் வழியில் படித்தவருக்கு மாநில அரசு வேலை நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. எல்கேஜியில் ஆங்கிலம் படித்துவிட்டு ஒன்றாம் வகுப்பில் தமிழ் வழிக்கு மாறினால் பிரச்சினை இல்லை; ஒன்றாம் வகுப்பையே ஆங்கில வழியில் படித்துவிட்டால் அது போனதுதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் என நீண்டது. ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் படித்த பிள்ளையும் ஆறில் அரசுப் பள்ளிக்கு வந்தால் இதைப் பெறலாம். ஏழில் வந்தால் முடியாது.

இங்கேதான் அரசு உதவி பெறும் பள்ளிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய மிஷன் பள்ளிகள் பலவும் இந்த வகை. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், பெரிய மைதானம், குறைந்த செலவு என்று பல ஊர்களில் இருப்பதிலேயே நல்ல பள்ளி இதுவாகத்தான் இருக்கும். ஆனால் 7.5 சதவீதம் இதற்குப் பொருந்தாது. 'உதவி பெறும்' என்பதை 'அரசு' என்று எண்ணிச் சேர்த்துவிட்டு, பிளஸ் டூ முடிந்தபின் கலந்தாய்வில் தெரிந்துகொள்வது கொடுமை.

கையில் காசில்லை, தனியார்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் இருக்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் இது கிடையாது. நுழைவு வகுப்பில்தான் சேர முடியும், எட்டாம் வகுப்போடு சலுகை முடியும். ஒன்பதில் முழுக் கட்டணமும் தலையில் விழும். அப்போது அரசுப் பள்ளிக்கு மாறினால், ஆறாம் வகுப்பு விதியைப் பார்க்காமல் இவர்களுக்கும் 7.5 சதவீதத்தில் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

இவ்வளவும் விசாரித்தபின் ஒரு வேலை பாக்கி. சேர்க்கைப் படிவத்தை நிரப்புமுன் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, அதன் புத்தகத்தில் படிக்காத பக்கம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். உள்ளே விடாத பள்ளியானால், சாயங்காலம் மணியடிக்கும்போது கேட்டுக்கு வெளியே நின்று கேளுங்கள். நாலைந்து பிள்ளைகள் போதும்.