உரியார் இல்லாப் பெரும்பொருள்

அயல்நாட்டு வங்கியொன்றில் உரியார் இன்றிக் கிடக்கும் பெருந்தொகை நமக்கு வரவிருக்கின்றதென்றும், அதனைப் பெறுதற்கு முதற்கண் சிறு கட்டணம் செலுத்துதல் வேண்டுமென்றும் கூறும் மின்னஞ்சல்களை நம்மிற் பலர் கண்டிருப்போம். பொய்யுரைத்துப் பொருள் பெறுவோரைத் தண்டிக்கும் நைஜீரியச் சட்டப்பிரிவின் எண் 419 ஆதலின், இவ்வஞ்சகத்திற்கு அவ்வெண்ணே பெயராயிற்று. ஆயின் இஃது அந்நாட்டிற் பிறந்ததன்று. மின்னஞ்சலுக்கு நெடுங்காலம் முந்தியது. பழைய நிகழ்ச்சி யொன்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் 1596-இல் மகப்பேறின்றி இறந்தார். அவருடைய சொத்திற்குத் தம்பி தாமஸ் உரியரானார். 300 ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின், அமெரிக்காவின் அயோவா மாகாணத்து ஆஸ்கார் ஹார்ட்செல் என்பார், அச்சொத்து இன்னும் பங்கிடப்படாமற் கிடக்கின்றதென்றும், மெய்யுரிமையாளரைத் தாம் கண்டறிந்தாரென்றும் பரப்பினார். வழக்குச் செலவிற்கு ஒரு டாலர் தந்தார்க்கு 500 டாலர் திரும்புமாம்! முதலில் டிரேக் என்னுங் குடிப்பெயருடையாரே நாடப்பட்டனர். பின்னர் எவர் பணமும் ஏற்கப்பட்டது. (பிறர்க்கு டிரேக்கின் சொத்திற் பங்கேது என்று அவர்கள் எண்ணாமை வியப்பே.) ஏறத்தாழ 70,000 பேர், பெரும்பாலும் உழவர், பணம் அனுப்பினர் என்ப. ஹார்ட்செல் இலண்டன் மாநகரிற் செல்வராய் வாழ்ந்தார்.

நிற்க. இத்துணைப் பேரும் பேராசை யொன்றினாலேயே ஏமாந்தனரோ? அன்று என்பதே எம் கருத்து. பணந் தந்தார் வாய்திறவாதிருத்தல் வேண்டுமென்பது ஹார்ட்செல்லின் கட்டளை. பிறர்க்கு உரைப்பினும் ஐயுற்று வினவினும் அவர் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டுப் பங்கு போய்விடும். ஆகவே உண்மை கூறவல்ல வழக்கறிஞரிடமோ அண்டை வீட்டாரிடமோ அவர் செல்ல இயலாதாயிற்று. இன்றைய மின்னஞ்சலும் 'இதனை எவர்க்கும் உரையற்க' என்றே வேண்டுகின்றது. முதற் கட்டணம் செலுத்திய பின்னர், வரி, முத்திரைச் செலவு, சான்றிதழ்க் கூலி என வேறு வேறு தொகைகள் கேட்கப்படும். முன் கொடுத்ததை இழக்க மனமில்லாதவர் பின்னுங் கொடுப்பர். கடன் பட்டுங் கொடுப்பர். வஞ்சனை வெளிப்பட்ட பின்னரோ, நாணத்தால் மனைவி மக்களிடமும் உரையார்.

1933-இல் ஆங்கில அரசு ஹார்ட்செல்லை நாடு கடத்திற்று. அயோவாவிலுள்ள சூ நகரில் வழக்கு நடந்து, அஞ்சல்வழி மோசடி செய்தமைக்காகப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1943-இல் அவர் சிறைவாசத்திலேயே இறந்தார். தீர்ப்பிற்குப் பின்னும், அரசே சொத்தை மறைக்கின்றதென நம்பிய பலர் அவருடைய முகவர்க்குப் பணம் அனுப்பிய வண்ணமே இருந்தனர்.