அவையில் பெற்றோர்: பள்ளி வாரியத் தேர்தல் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

மகனைக் கற்றோர் அவையில் முந்தியிருக்கும்படி செய்வதே தந்தை அவனுக்கு ஆற்றும் நன்மை என்பது வள்ளுவர் கருத்து (குறள் 67). மகனைப் பள்ளிக்கு அனுப்பியதோடு அக்கடன் முடிந்துவிடுமா? அவன் பயிலும் பள்ளியை ஆள்வதற்கும் ஓர் அவை உண்டு. எத்தனை ஆசிரியர், என்ன கட்டணம், எந்தக் கட்டடம், எந்நாள் விடுமுறை என்பவற்றை அவ்வவையே முடிவு செய்கிறது. அங்குப் பெற்றோர்க்கு இடமுண்டா? இடம் பெற்றவர் யாருக்காகப் பேசவேண்டும்? இவ்வினாக்களை நெடுங்காலம் எதிர்கொண்ட நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்குள்ள பள்ளி வாரியத் தேர்தலில் ஒரு பெற்றோர் வேட்பாளராக நிற்கும் முறையையும், அதன் பயனையும் எல்லையையும் ஆராய்ந்து, நம் சமுதாயப் பள்ளிகளுக்கு அதனின்றும் பெறத்தக்க படிப்பினையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாரியம் என்னும் அமைப்பு

‘வாரியம்’ என்பது தமிழுக்குப் புதிய சொல்லன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களையும், அவற்றிற்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையையும் விரித்துரைக்கின்றன. ஊர்ப் பொதுப்பணியை ஊராரே குழுவாக அமைந்து நடத்துதல் என்னும் அக்கருத்தே அமெரிக்கப் பள்ளி வாரியத்திற்கும் அடிப்படையாக உள்ளது.

மாசசூசெட்ஸில் 1647இல் இயற்றப்பட்ட சட்டம், ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றது. தொடக்கத்தில் ஊர்க்கூட்டமே பள்ளியையும் கவனித்துவந்தது. 1826இல் அம்மாநிலம், ஒவ்வோர் ஊரும் பள்ளிக்கெனத் தனிக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் எனப் பணித்தது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி வட்டங்கள் உள்ளன. கல்வி மாநிலங்களின் பொறுப்பாதலால் விதிகள் மாநிலந்தோறும் வேறுபடும். எனினும் பெரும்பாலான வட்டங்களில் ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்ட வாரியத்தை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். கட்சிச் சின்னம் இன்றிப் போட்டியிடுவதே பெருவழக்கு. சிறு வட்டங்களில் பெரும்பாலும் ஊதியம் இல்லை. இருப்பினும் சிறு தொகையே.

வேட்பாளர் ஆதல்

பள்ளி வாரியத்தில் நிற்பவர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்னும் விதி பொதுவாக இல்லை. அவ்வட்டத்தில் குடியிருப்பவராகவும் வாக்காளராகத் தகுதியுடையவராகவும் இருந்தால் போதும். ஆயினும் போட்டியிடுவோருள் பலர் பெற்றோரே. நியூயார்க் மாநிலத்தின் பல வட்டங்களில் வேட்புமனுவுக்குக் குறைந்தது 25 வாக்காளர்களின் கையெழுத்துத் தேவை. அவற்றைப் பெறுவதற்காக வீடுவீடாகச் செல்லும்போதே வேட்பாளரின் கல்வி தொடங்கிவிடுகிறது. தம் பிள்ளையின் வகுப்பறையைப் பற்றிப் பேசச் சென்றவர், பேருந்து வராத தெருவையும், காது கேளாத குழந்தைக்குத் தனிப்பயிற்சி இல்லாத குறையையும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட முதியவர் வரிச்சுமை பற்றிக் கூறும் முறையீட்டையும் கேட்டுத் திரும்புகிறார்.

அம்முதியவரின் குரல் புறக்கணிக்கத்தக்கதன்று. பள்ளிச் செலவில் பெரும்பகுதி மாநில நிதியாலும், உள்ளூரில் வீடு, நிலங்களின்மீது விதிக்கப்படும் வரியாலுமே ஈடுசெய்யப்படுகிறது. நியூயார்க்கின் பெரும்பாலான வட்டங்களில் ஆண்டுதோறும் மே மாதத்தில் வரவு செலவுத் திட்டமே வாக்கெடுப்புக்கு வருகிறது. மக்கள் அதனை இருமுறை நிராகரித்தால் வாரியம் சுருங்கிய திட்டத்தைக் கொண்டே அவ்வாண்டை நடத்தவேண்டும். ஆதலால், ‘என் மகளுக்கு இசை வகுப்பு வேண்டும்’ என்று தொடங்கும் பெற்றோர், அதற்குரிய பணம் எங்கிருந்து வரும், எதனைக் குறைத்து அதனைத் தருவது என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர் ஆகிறார்.

அதிகாரமும் அதன் எல்லையும்

வாரியம் தன் கல்விக் கண்காணிப்பாளரை அமர்த்துகிறது. வரவு செலவுக்கு ஒப்புதல் அளிக்கிறது. பாடநூல், விடுமுறை, ஒழுங்கு ஆகியவை குறித்த கொள்கைகளை வகுக்கிறது. ஆனால் தனி உறுப்பினர் எவருக்கும் தனி அதிகாரம் இல்லை. ஓர் உறுப்பினர் தலைமையாசிரியரின் அறைக்குள் நுழைந்து, ‘என் மகனை வேறு வகுப்புக்கு மாற்றுக’ என ஆணையிட இயலாது. வாரியம் முறையாகக் கூடி, பொதுமக்கள் காண வாக்களித்தால் மட்டுமே முடிவு பிறக்கும். தன் குறையைத் தீர்த்துக்கொள்வதற்காகவே பதவிக்கு வந்தவர் முதற் கூட்டத்திலேயே ஏமாற்றம் அடைவர்.

பெரும்பான்மை வாக்குக்கும் வரம்புண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த ஐலண்ட் ட்ரீஸ் வட்டத்தின் வாரியம் 1976இல் சில நூல்களைப் பள்ளி நூலகத்திலிருந்து அகற்றியது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். அதிலுள்ள கருத்துகள் தமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு வாரியம் நூலை அகற்றுதல் ஆகாது என்னும் கருத்து 1982இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு வாக்கு வேறுபாட்டில் மேலோங்கியது.

வாயிலில் நின்றோர்

வாரியத்தில் இடமில்லாத பெற்றோர் என்ன செய்வர்? விண்ணப்பம் எழுதுவர்; அது பயனற்றுப்போயின் நீதிமன்றம் செல்வர். அமெரிக்க வரலாற்றின் மாபெரும் கல்வி வழக்கு, கான்சஸ் மாநிலத்து டோபீகா நகரின் கல்வி வாரியத்தை எதிர்த்துப் பதின்மூன்று கறுப்பினப் பெற்றோர் தொடுத்ததேயாகும். தன் மகளை அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியில் சேர்க்க முயன்று மறுக்கப்பட்ட ஆலிவர் பிரவுன் என்னும் தந்தையின் பெயரால் அது வழங்குகிறது. 1954 மே 17இல் இனவாரியான பள்ளிப் பிரிவினை செல்லாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முஸ்லிம் பெற்றோர் தொடர்புடைய நிகழ்ச்சியொன்று இவண் சிறப்பாக நோக்கத்தக்கது. மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில், யூத, கிறித்தவப் பெருநாட்களில் பள்ளிகளுக்கு விடுமுறை உண்டு. நாட்காட்டியில் அவற்றின் பெயர்களும் இருந்தன. ஈதுப் பெருநாளுக்கும் இணையான இடம் வேண்டும் என முஸ்லிம் பெற்றோர் பல்லாண்டு கோரினர். 2014 நவம்பரில் வாரியம் முடிவெடுத்தது: ஈதின் பெயரைச் சேர்க்கவில்லை, மாறாக, அனைத்துச் சமயப் பெருநாட்களின் பெயர்களையும் அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டியிலிருந்து நீக்கியது. விடுமுறைகள் நீடித்தன, பெயர்கள் மறைந்தன. கேட்டவர்க்கும் கிடைக்கவில்லை, கேளாதவர்க்கும் மனக்குறை உண்டாயிற்று. இதே காலத்தில் நியூயார்க் நகரம் 2015–16 கல்வியாண்டு முதல் இரு பெருநாட்களையும் பள்ளி நாட்காட்டியில் சேர்த்துக்கொண்டது. அங்குப் பள்ளிகள் மேயரின் ஆளுகையில் இருந்தன. நகரம் முழுவதன் வாக்கும் அவருக்குத் தேவைப்பட்டது.

அதே மான்ட்கோமரியில், சில கதைநூல்கள் பயிற்றப்படும் வேளையில் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளும் வசதியை வாரியம் 2023இல் திரும்பப் பெற்றபோது, முஸ்லிம், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் பெற்றோர் இணைந்து வழக்காடினர். 2025 ஜூன் 27இல் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. வழக்கில் வெற்றி கிட்டிற்று. ஆயினும் மேசையைச் சுற்றி அமர்ந்து, அண்டை வீட்டாரோடு கலந்து பேசித் தீர்க்கத்தக்கது, ஈராண்டுக்கு மேல் நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்க வேண்டியதாயிற்று. உரிமைக்கு நீதிமன்றம் காவல். உறவுக்குக் கலந்தாய்வே காவல் எனலாம்.

பதவியை நாடலாமா?

இங்கு நம் மரபினர்க்கு ஓர் ஐயம் எழும். பதவியை நாடிச் செல்வோரை நபிமொழி எச்சரிக்கிறது. அவ்வாறாயின் வேட்பாளராக நிற்றல் தகுமா? அதே வேளையில், நபி யூசுஃப் அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு மன்னனிடம் தாமே கேட்ட செய்தியைத் திருக்குர்ஆன் கூறுகிறது. வரவிருந்த பஞ்சத்தில் மக்களைக் காத்தல் அவர் கருத்து. காக்கும் திறனும் அறிவும் தம்மிடம் இருப்பதை அவர் எடுத்துரைத்தார். ஆகவே, பெருமைக்காகப் பதவி தேடுதலையும், பிறர்நலத்தின்பொருட்டுத் தகுதியோடு பொறுப்பை ஏற்க முன்வருதலையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும். கலந்தாய்வு எனப் பொருள்படும் ‘அஷ்ஷூரா’ என்பது திருமறையின் ஓர் அத்தியாயத்திற்கே பெயராக அமைந்ததும் கருதத்தக்கது.

வேறுபிரித்து அறியும் உரைகல்லை உத்திரமேரூர் தருகிறது. அவ்வூர் அவை நிலமும் வேதக் கல்வியும் உடைய ஒரு பிரிவினர்க்கே உரியதாக இருந்தது என்பது உண்மை. அக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அதன் இரு விதிகள் எக்காலத்துக்கும் பொருந்துவன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் இடம்பெறல் ஆகாது. அண்மையில் பணியாற்றியவர் மூன்றாண்டு விலகியிருத்தல் வேண்டும். கணக்குக் காட்டுதல், இடம் விடுதல் ஆகிய இவ்விரண்டுக்கும் இசைபவரே பொறுப்புக்குரியவர்.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் அமெரிக்க முறையிலான பள்ளி வாரியத் தேர்தல் இல்லை. எனினும் 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வழிசெய்தது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர், பாதியளவினர் பெண்டிர். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுதலும், மானியம் செலவாகும் முறையைக் கண்காணித்தலும் அதன் பணிகள்.

சிறுபான்மையினர் பள்ளிகளின் நிலை வேறு. 2012இல் வந்த திருத்தம், இப்பள்ளிகளில் அக்குழு அறிவுரை கூறுவதோடு நிற்கும் என்றது. 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்ற அரசமைப்பு அமர்வு, சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டமே பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின்மீது ஐயம் தெரிவித்து, மறு ஆய்வு குறித்துத் தலைமை நீதிபதியின் முடிவுக்கு அனுப்பியது.

அரசமைப்பின் 30ஆம் பிரிவு நமக்களித்த நிருவாக உரிமை விலைமதிப்பற்றது. அதனை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆனால் அவ்வுரிமை சமுதாயத்திற்கு உரியது. பள்ளிக்கு நிலம் ஈந்த வள்ளலும், நாள்தோறும் நிருவாகச் சுமை தாங்கும் தாளாளரும் சமுதாயத்தின் உறுப்பினர். மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் தாயும் அதன் உறுப்பினரே. சட்டம் வற்புறுத்தாத இடத்தில் நாமே விரும்பி அத்தாய்க்கு இடமளித்தால், அது நம் உரிமைக்கு அரணாகுமேயன்றி ஊறாகாது.

ஆதலின், சமுதாயப் பெரியோர் முன் ஒரு கருத்தை வைக்கிறோம். ஒவ்வொரு பள்ளியின் ஆட்சிக் குழுவிலும் இரண்டு அல்லது மூன்று இடங்களைப் பெற்றோர்க்கு ஒதுக்கலாம். அவர்களைப் பெற்றோரே மறைவு வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கட்டும். அவருள் ஒருவரேனும் தாயாக இருத்தல் நன்று; தந்தையர் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் ஊர்களில், பிள்ளையின் தேர்ச்சி அட்டையில் கையெழுத்திடுபவர் தாயே அல்லவா? பள்ளியில் நம் சமயம் சாராத பிள்ளைகள் பயின்றால் அவர்தம் பெற்றோர்க்கும் வாக்கு இருத்தல் முறை. மான்ட்கோமரியில் நாம் எதிர்பார்த்த நியாயத்தை நம் பள்ளியில் நாம் வழங்கத் தயங்கலாகாது. பதவிக்காலம் ஈராண்டு எனவும், ஆண்டுக் கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டவேண்டும் எனவும் விதி வகுக்கலாம்.

முடிவுரை

பள்ளி வாரியத்தின் வரலாறு நமக்குணர்த்துவன இரண்டு. வாயிலில் நின்று கேட்பவர், தருவதையே பெறுவர். உள்ளே அமர்ந்தவரோ ஏன் தர இயலவில்லை என்பதையும் அறிவர், அதனை மாற்றவும் முயல்வர். மேலும், தம் பிள்ளைக்காக உள்ளே நுழைந்தவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெற்றோராக மாறினால்தான் அவ்விடத்திற்குத் தகுதியுடையவர் ஆவர். இக்கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியர் நாளைய பெற்றோர். பள்ளியின் வரவு செலவை வாசிக்கவும், அவையில் அஞ்சாது பேசவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்கவும் இன்றே பழகுவாராக. அவர்களுக்கு அவையில் ஓரிடத்தை ஒதுக்கி வைத்தல் இன்றைய பெரியோரின் கடமையாகும்.