குப்பியும் குழாயும்

மோட்டார் வண்டியை ஓடச் செய்தலினும் வேண்டிய இடத்தில் நிறுத்துதல் அரிய செயலாகும். உதகையினின்று மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுபவரின் கால் பிரேக் மிதியை அழுத்துகின்றது, சக்கரங்கள் அடங்குகின்றன. மிதியையும் சக்கரங்களையும் இணைப்பது கம்பியும் அன்று, சங்கிலியும் அன்று. மெல்லிய குழாய்களில் நிறைந்து நிற்கும் திரவமே காலின் ஆணையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கின்றது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி. அவர் எழுதிய நூல் அவர் மறைந்தபின் 1663இல் வெளிவந்தது. அவ்விதியைத் துணையாகக் கொண்டு இயங்கும் பிரேக், அமெரிக்காவில் 1921இல் டூசன்பர்க் என்னும் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் அமைந்தது.

இத்திரவத்தைப் ‘பிரேக் ஆயில்’ என்றே யாவரும் வழங்குகின்றனர். பெயர் அதுவாயினும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளது எண்ணெய் அன்று; கிளைக்கால் இனத்தைச் சேர்ந்த ஒரு திரவமாகும். அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 எனத் தரம் குறிக்கப்பட்ட திரவம், புதியதாயின், 205 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதித்தல் கூடாது. நூறு பங்கில் நான்கு பங்கிற்கும் சற்றுக் குறைவான நீர் அதில் சேர்ந்துவிட்டால் 140 டிகிரிவரை தாங்கினால் போதும் என்றே தர விதி கூறுகின்றது. மலையிறக்கத்தில் இடைவிடாது பிரேக்கை அழுத்தும்போது சக்கரத்தருகே சூடு மிகும். பழைய திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். இதனால் விளையும் தீங்கை மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டு அறியலாம். அதன் வாயை விரலால் இறுக அடைத்துத் தண்டை அழுத்தினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி இடம் விடும். நீரை நிரப்பி அழுத்தினால் தண்டு அசையாது. குழாயில் ஆவியோ காற்றோ இருப்பின் ஓட்டுபவரின் காலழுத்தம் அதனைச் சுருக்குவதிலேயே கழியும். மிதி தரைவரை தாழும்; வண்டியோ நில்லாது.

ஆதலின் வண்டியின் கையேடு குறிக்கும் காலத்தில் பழைய திரவத்தை வெளியேற்றிப் புதியதை ஊற்றுதல் இன்றியமையாதது. ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் ‘நிப்பிள்’ எனப்படும் துளையுள்ள சிறு திருகு ஒன்று உண்டு. அதனைத் தளர்த்தி மிதியை அழுத்தினால் பழைய திரவம் பீறிட்டு வரும். தொல்லை அதன்பின் தொடங்குகின்றது. மிதி மேலெழும்போது, வெளியேறிய வழியாகவே காற்று உள்ளே இழுக்கப்படும். இதனைத் தடுக்க ஒருவர் மிதியருகே அமர்ந்து ‘அழுத்து’, ‘விடு’ என்னும் சொற்களுக்கு இணங்க, மற்றொருவர் சக்கரத்தருகே குனிந்து திருகைத் திறந்தும் மூடியும் வேலை செய்தல் வழக்கம். தொழிலாளர் இதனை ‘ஏர் எடுத்தல்’ என்பர்.

இவ்வேலைக்கு வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க கருவி ஒன்று உண்டு. அதற்கு வேண்டுவன ஒரு பிளாஸ்டிக் குப்பி, உட்புறம் தெரியும் மெல்லிய குழாய், சிறிது கம்பி ஆகியவையே. குப்பியின் மூடியில் இரு துளைகள் இடல் வேண்டும். ஒன்று குழாய் இறுக நுழையும் அளவினது. மற்றது காற்றுப் போக்கிற்குரிய ஊசித் துளை. இவ்வூசித் துளை இல்லையேல் குப்பியினுள் அழுத்தம் ஏறித் திரவத்தின் வரவைத் தடுக்கும். குழாயின் ஒரு முனை குப்பியின் அடியைத் தொடவேண்டும். மறுமுனை நிப்பிளைக் கவ்விப் பிடிக்கவேண்டும். குப்பியில் இரண்டு விரற்கடை உயரம் புதிய திரவத்தை ஊற்றிக் குழாய்முனையை அதில் அமிழ்த்திவைத்தலே இக்கருவியின் உயிர்நிலை. மிதி மேலெழும்போது குழாய் உறிஞ்சினாலும் உள்ளே செல்வது திரவமே அன்றிக் காற்று அன்று. நிப்பிளைவிட்டு வரும் குழாயைச் சற்றே மேல்நோக்கி வளைத்துக் கம்பியால் கட்டிவிட்டால், குமிழிகள் தாமே மேலேறி நிப்பிளைவிட்டு விலகிப் போகும். குழாயின் உட்புறம் தெரிவதால் கரிய திரவம் மாறித் தெளிந்த திரவம் வருவதையும், குமிழி அற்றதையும் கண்ணால் காணலாம்.

ஸ்பேனரை முதலில் திருகில் மாட்டிய பின்னரே குழாயைச் செருகவேண்டும். முறை மாறின் குழாயைக் கழற்றி மீண்டும் தொடங்க நேரும். திருகைக் கால் சுற்றளவே தளர்த்தல் போதும். மேலும் தளர்த்தினால் அதன் மரைகளின் வழியே காற்று புகும். குப்பியால் அதனைத் தடுக்க இயலாது. தனியே வேலை செய்பவருக்கு இக்கருவி உதவும் என்பது உண்மையே. எனினும் துணைக்கு ஒருவர் இருப்பின் ஒவ்வோர் அழுத்தின் முடிவிலும் திருகை மூடிவிடுதல் நன்று. மிதியின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தல் மற்றோர் எளிய உத்தியாகும். பழைய வண்டிகளில் மிதி வழக்கத்தினும் ஆழமாகச் சென்றால், துருவேறிய பகுதியில் உராய்ந்து உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கிழிதல் உண்டு. மேலேயுள்ள திரவக் கலத்தை அடிக்கடி நோக்கி நிரப்பிவர மறத்தலாகாது. அது வற்றின் அங்கிருந்தே காற்று புகுந்து அதுவரை செய்த வேலையெல்லாம் வீணாகும்.

பூச்செடிகளுக்கு மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானைத் திருத்தி, திரவக் கலத்தின் மேலிருந்தே அழுத்தம் கொடுப்போரும் உளர். அளவு மீறினால் கலம் வெடிக்கும். ஆகவே குப்பியே பாதுகாப்பானது. சில புதிய வண்டிகளில் சக்கரம் வழுக்காது காக்கும் மின்னணு அமைப்புக்குரிய தனிக்கருவி இன்றிக் காற்றை முற்றும் எடுத்தல் இயலாது. அவற்றைப் பட்டறைக்கே கொண்டு செல்லவேண்டும்.

வீட்டில் செய்யத் தகாதன சில உண்டு. வண்டியை உயர்த்திச் செங்கற்களை அடுக்கி அவற்றின்மேல் நிறுத்துதல் பெருந்தவறு. செங்கல் நொறுங்கினால் அடியில் இருப்பவர் உயிர் தப்புவது அரிது. அதற்கெனச் செய்யப்பட்ட இரும்புத் தாங்கிகளையே வாங்குதல் வேண்டும். திரவத்தை வாயால் உறிஞ்சுதல் கூடவே கூடாது, அது நஞ்சு. எஞ்சின் ஆயில் இருந்த குப்பியும் இதற்கு ஆகாது. அதில் ஒட்டியிருக்கும் எண்ணெய் சிறிது கலந்தாலும் பிரேக்கின் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெடும்.

வேலை முடிந்தபின், நின்ற வண்டியில் மிதியை வலிந்து அழுத்திப் பார்த்தல் வேண்டும். கல்லை மிதித்தாற்போல் உறுதியாக நிற்பின் நன்று, பஞ்சுபோல் அமிழ்ந்தால் எங்கோ காற்று தங்கியுள்ளது, வண்டியை ஓட்டலாகாது. வண்டியின் வண்ணப்பூச்சில் சிந்திய துளிகளை உடனே நீர் விட்டுக் கழுவவேண்டும். இல்லையேல் பூச்சு உரியும். குப்பியில் சேர்ந்த பழைய திரவத்தை மீண்டும் வண்டியில் ஊற்றலாகாது, சாக்கடையிலும் கொட்டலாகாது. மூடி இட்டு, ‘நஞ்சு’ எனப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, பழைய ஆயிலைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் சேர்த்தல் வேண்டும்.