நெருப்புக் காட்டாமலே பற்றும் நெருப்பு

பெட்ரோல், டீசல் இரண்டில் எளிதில் தீப்பிடிப்பது எது? "பெட்ரோல்தான்" என்று உடனே சொல்வீர்கள். எரியும் தீக்குச்சியை அருகில் கொண்டுபோனால் உங்கள் விடை சரியே. ஆனால் தீக்குச்சியும் இல்லை, தீப்பொறியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெற்றுக் குடுவைகளைச் சூடாக்கி, ஒன்றில் சில துளி பெட்ரோலும் மற்றதில் சில துளி டீசலும் விடுகிறோம். தீப்பிடிக்கவில்லை என்றால் குடுவைகளை இன்னும் சற்றுச் சூடாக்கி மீண்டும் சில துளிகள் விடுகிறோம். இப்படிச் செய்துகொண்டே போனால் பெரும்பாலும் முதலில் தீப்பிடிப்பது டீசல்!

இது எப்படி? ஒரு திரவத்தின் தீ ஆபத்தைச் சொல்ல ஓர் எண் போதாது, இரண்டு எண்கள் வேண்டும் என்பதுதான் இதற்கு விடை.

இரண்டு எண்கள்

எரியும் திரவங்களில் உண்மையில் எரிவது திரவம் அன்று. அதிலிருந்து எழும் ஆவிதான். ஒரு திரவத்தின் மேல் சிறு சுடரைக் காட்டினால் 'குப்'பென்று ஒரு கணம் பற்றி அணையும் அளவுக்கு ஆவி எழ வேண்டும். அதற்குத் திரவம் அடைய வேண்டிய மிகக் குறைந்த வெப்பநிலையைப் பற்றுநிலை என்போம். இங்கே நெருப்பை நாம் கொடுக்கிறோம்.

சுடரோ பொறியோ இல்லாமல், சூடு ஒன்றினாலேயே ஆவியும் காற்றும் கலந்த கலவை தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை மற்றோர் எண். இதைத் தானே எரியும் வெப்பநிலை என்போம். இங்கே நெருப்பை யாரும் கொடுப்பதில்லை.

சில திரவங்களுக்கு இந்த எண்களைப் பாருங்கள். எல்லாம் செல்சியஸ் அளவில், ஏறத்தாழ:

ஈதர்: பற்றுநிலை –45, தானே எரிவது 160 முதல் 180.
கார்பன் டைசல்பைடு: பற்றுநிலை –30, தானே எரிவது 90 முதல் 100.
பெட்ரோல்: பற்றுநிலை –40, தானே எரிவது 250 முதல் 280.
அசிட்டோன்: பற்றுநிலை –20, தானே எரிவது 465.
எத்தில் ஆல்கஹால்: பற்றுநிலை 13, தானே எரிவது 360 முதல் 400.
டீசல்: பற்றுநிலை 50 அல்லது அதற்கு மேல், தானே எரிவது 210 முதல் 250.

இரண்டு எண்களும் சேர்ந்து ஏறவும் இல்லை, சேர்ந்து இறங்கவும் இல்லை. அசிட்டோன் அறையின் குளிரிலேயே ஆவியைக் கொட்டும். ஆனால் அந்த ஆவி தானே எரிய மிகுந்த சூடு தேவை. டீசல் எளிதில் ஆவியாகாது. ஆனால் சூடேறிய இடத்தில் அதன் ஆவி முந்திக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி இல்லாததற்கும் இதுவே காரணம். அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றில் டீசலைப் பீச்சியடித்தால் போதும், அது தானே எரிகிறது.

வெப்பத்தின் வரவு செலவு

தீ இல்லாமல் தீ எப்படிப் பிறக்கிறது? சூடான குடுவைக்குள் ஆவியின் மூலக்கூறுகள் ஆக்சிஜனுடன் மெதுவாக வினைபுரிகின்றன. அப்போது சிறிது வெப்பம் வெளிப்படுகிறது. இது வரவு. அந்த வெப்பம் குடுவையின் சுவர் வழியாக வெளியேறுகிறது. இது செலவு.

செலவு வரவுக்கு ஈடு கொடுக்கும்வரை எதுவும் நடப்பதில்லை. வரவு ஒருமுறை மிஞ்சிவிட்டால் கலவை சூடாகிறது. சூடானால் வினை விரைகிறது. வினை விரைந்தால் மேலும் சூடாகிறது. முடிவில் தீச்சுடர் தோன்றுகிறது. 1928-ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் செமியோனாவ் இந்த வரவு செலவைக் கணித முறையில் விளக்கினார். வேதிவினைகள் நடைபெறும் முறையைப் பற்றிய ஆய்வுகளுக்காக அவரும் இங்கிலாந்தின் ஹின்ஷெல்வுட்டும் 1956-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சோதனை நடக்கும் விதம்

தானே எரியும் வெப்பநிலையை அளக்கப் பல நாடுகளில் வகுக்கப்பட்ட முறைகள் உண்டு. 1978-இல் அமெரிக்காவில் வெளியான ஏ.எஸ்.டி.எம். இ-659 என்னும் முறையைக் காண்போம்.

500 மில்லி லிட்டர் கொள்ளும் உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்று மின் உலைக்குள் வைக்கப்படுகிறது. அதன் வாய் திறந்திருக்கும். வெப்பநிலையை அளக்கும் வெப்ப இரட்டைகள் குடுவையின் வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டும், ஒன்று உள்ளேயும் இருக்கும். குடுவையின் வாய்க்கு மேலே ஒரு கண்ணாடி சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். சோதிப்பவர் குடுவைக்குள் நேராக எட்டிப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் தெரியும் உருவத்தைத்தான் பார்க்கிறார். மங்கலான நீலச் சுடரும் தப்பாமல் தெரிய அறை இருட்டாக்கப்படுகிறது.

குடுவை முழுவதும் ஒரே சீராகச் சூடேறியதும் 0.1 மில்லி லிட்டர் திரவம், அதாவது இரண்டொரு துளி, ஊசிக்குழாயால் உள்ளே செலுத்தப்படுகிறது. பிறகு காத்திருக்க வேண்டும். சுடர் தோன்றி, உள்ளிருக்கும் வெப்ப இரட்டை திடீர் ஏற்றத்தைக் காட்டினால் தீப்பற்றிவிட்டது என்று பொருள். 10 நிமிடம் ஆகியும் ஒன்றும் நிகழாவிட்டால் அந்த வெப்பநிலையில் பற்றவில்லை என்று குறிக்கப்படும். குடுவையில் எஞ்சிய ஆவியைக் காற்றால் ஊதி வெளியேற்றிவிட்டு, வெப்பநிலையைக் கூட்டி அடுத்த முயற்சி. தீப்பற்றிவிட்டால் வெப்பநிலையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பற்றும் இடத்துக்கும் பற்றாத இடத்துக்கும் உள்ள எல்லை தேடப்படுகிறது.

இத்துடன் வேலை முடிவதில்லை. திரவத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் மீண்டும் சோதிக்க வேண்டும். மிகக் குறைவாக விட்டால் ஆவி போதாது. மிகுதியாக விட்டால் ஆக்சிஜன் போதாது, குடுவையும் குளிர்ந்துவிடும். எந்த அளவில் மிகக் குறைந்த வெப்பநிலையில் தீப்பற்றுகிறதோ, அந்த வெப்பநிலையே முடிவாகக் கொள்ளப்படும்.

அவசரப்பட்டால் எண் மாறும்

10 நிமிடம் காத்திருப்பது ஏன்? எல்லைக்கு அருகில் வரவு செலவை மிகக் குறைவாகத்தான் மிஞ்சுகிறது. கலவை சூடேறி எரியச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அரை நிமிடத்தில் "பற்றவில்லை" என்று எழுதி வைப்பவர், பற்றக்கூடிய ஒரு வெப்பநிலையைப் பாதுகாப்பானது என்று அறிவித்துவிடுவார்.

குடுவையின் அளவும் முக்கியம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் கன அளவு 1 க.செ.மீ., புறப்பரப்பு 6 ச.செ.மீ. 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்குக் கன அளவு 1000 க.செ.மீ., புறப்பரப்பு 600 ச.செ.மீ. அதாவது பெரியதில் ஒவ்வொரு க.செ.மீ. கலவைக்கும் 0.6 ச.செ.மீ. சுவரே கிடைக்கிறது. வெப்பம் வெளியேறும் வழி பத்தில் ஒரு பங்காகிவிட்டது! ஆகவே பெரிய கலத்தில் பொதுவாகக் குறைந்த வெப்பநிலையிலேயே தீப்பற்றும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தானே எரியும் வெப்பநிலை, நீரின் கொதிநிலையைப் போலப் பொருளுக்கே உரிய நிலையான எண் அன்று. குடுவை, அளவு, காத்திருந்த நேரம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. வெவ்வேறு புத்தகங்களில் வெவ்வேறு எண்கள் காணப்படுவதும் இதனால்தான். எனவே, பாதுகாப்புக்கு அந்த எண்வரை போகக் கூடாது. அதற்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட வேண்டும்.

எண்ணைக் காப்பது உயிரைக் காப்பது

ரசாயனத் தொழிற்சாலைகளில் வைக்கப்படும் மோட்டார்களும் விளக்குகளும் எவ்வளவு சூடாகலாம் என்பதை இந்த எண்ணே தீர்மானிக்கிறது. அவை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மேற்பரப்பு 450 டிகிரிக்கு மேல் போகாதவை டி-1. அடுத்து 300, 200, 135, 100 என்று இறங்கி, டி-6 வகுப்பில் 85 டிகிரிதான் எல்லை. ரேயான் தயாரிப்பில் பயன்படும் கார்பன் டைசல்பைடுக்கு டி-6 தேவை. அதன் ஆவியைப் பற்றவைக்க நீராவிக் குழாயின் சூடே போதும்.

கப்பல்களின் எஞ்சின் அறையில், 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பகுதிகள்மீது எரிபொருள் கசிந்து படக்கூடுமானால், அவற்றை வெப்பக் காப்புறையால் மூட வேண்டும் என்பது சர்வதேச விதி. டீசலின் எண்ணோடு இதை ஒப்பிட்டால் காரணம் விளங்கும்.

திறந்த இடத்தில் உள்ள சூடான குழாய்மீது எண்ணெய் சிந்தினால் ஆவி உடனே காற்றோடு விலகிவிடும். ஆகையால் தீப்பற்றக் கூடுதல் சூடு வேண்டும். ஆனால் மூடிய மூலைகளில் ஆவி தங்கிவிடும். 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில், பிரிட்டிஷ் விமானப்படையின் நிம்ராட் விமானம் ஒன்று பறக்கும்போதே எரிபொருள் நிரப்பிக்கொண்டது. சற்று நேரத்தில் தீப்பிடித்து விழுந்ததில் 14 பேரும் மாண்டனர். வெளியேறிய எரிபொருள், விமானத்தின் உட்பகுதியில் இருந்த வெப்பக்காற்றுக் குழாயைத் தொட்டதே பெரும்பாலும் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது.

நம் சமையலறையிலும் இது நடக்கலாம். அடுப்பில் மறந்துவிட்ட வாணலி எண்ணெய் முதலில் புகையும். பிறகு தானே பற்றும். அப்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியை மூடியால் மூடிவிட வேண்டும். இங்கே சொன்ன சோதனைகளையும் வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்காதீர்கள். அவை பயிற்சி பெற்றவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டியவை.

சிந்தித்து விடை சொல்லுங்கள்: ஓர் அறையில் ஈதர் கையாளப்படுகிறது; அங்கே டி-3 மோட்டாரை வைக்கலாமா? டீசல் மட்டும் உள்ள அறையில் வைக்கலாமா?

விடை: டி-3 மோட்டாரின் மேற்பரப்பு 200 டிகிரிவரை சூடாகலாம். ஈதர் 160 டிகிரியிலேயே தானே பற்றக்கூடும். ஆகவே அங்கே வைக்கக் கூடாது, டி-4 வேண்டும். டீசலின் எண் 210-க்குக் குறையாததால் அந்த அறையில் டி-3 வைக்கலாம்.