இருட்டில் வழிகாட்டும் பணி



ஹைதராபாத் இனார்பிட் மாலில் 2011-ல் ‘டயலாக் இன் தி டார்க்’ என்ற கூடம் தொடங்கப்பட்டது. உள்ளே பொட்டு வெளிச்சம் கிடையாது. செல்போன், ஒளிரும் கடிகாரம் எதையும் கொண்டுபோக முடியாது. கையில் ஒரு கோலைக் கொடுத்து, சிறு குழுவாக அனுப்புவார்கள். கடைவீதிச் சத்தம், காலடியில் மாறும் தரை, கையில் தட்டுப்படும் பொருள்கள் என எல்லாவற்றையும் கண் இல்லாமலே அறிய வேண்டும். குரல் கொடுத்து நடத்திச் செல்பவர் பார்வையற்றவர். அவருக்கு அது சம்பளம் வாங்கும் வேலை.

ஜெர்மனியில் 1988-ல் இதைத் தொடங்கியவர் ஆண்ட்ரியாஸ் ஹைனெக்கே. பார்வை இழந்த ஓர் இளைஞருக்கு வானொலிப் பணியில் பயிற்சி தரப் போய், தமது இரக்கம்தான் தவறு என்று உணர்ந்தவர் அவர். ஒரு மணி நேர இருட்டில் பார்வையின்மையின் கஷ்டம் நமக்குப் புரிந்துவிடாது. வெளியே வந்து பிரியாணி சாப்பிடப் போய்விடுவோம். ஆனால் அந்த நேரத்தில் யார் யாரை நம்பி நடந்தார்கள் என்பது மறக்காது.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பற்றி மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். 80-வது அத்தியாயமான ‘அபஸ’வின் தொடக்க வசனங்கள் அவர்கள் விஷயமாக இறங்கியவை. அதோடு நிறுத்திக்கொள்கிறோம். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்ததுண்டு. ரமளானில் பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்வார்கள். மக்கள் ஸஹர் உணவை நிறுத்தியது இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கைக் கேட்டு! “விடிந்துவிட்டது” என்று பிறர் சொன்ன பிறகே பாங்கு சொல்வார்கள் என புகாரியில் பதிவாகியுள்ளது. கண்ணுள்ள ஒருவரை நியமித்திருக்கலாம், ஆளுக்குப் பஞ்சமில்லை.

நாமோ ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் சில்லறை கொடுக்கிறோம். ரமளானில் ஜகாத்தும் கொடுக்கிறோம். அது தேவைதான். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டப்படி 4 சதவீத ஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் பார்வையற்றோர், குறைபார்வையுள்ளோருக்கு. நம் கடைகளுக்கு அந்தச் சட்டக் கட்டாயம் இல்லை. போனில் ஆர்டர் எடுக்கவும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கவும் ஆள் தேடுகிறவர்கள் இவர்களைக் கேட்டுப் பார்த்ததுண்டா?

தர்மபுரி பஸ் நிலையத்தில் பார்வையற்றவரைக் கண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் பேசுங்கள், உதவி வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.

இவ்வாண்டு உதவி விண்ணப்பத்தில் ‘என்ன தேவை’ என்பதன் கீழ் ‘என்ன வேலை தெரியும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். மஹல்லாப் பொறுப்பாளர்கள் வீட்டுக்கே சென்று, அவரிடமே கேட்டு எழுதி வரவும்.