செயின் கழன்றால் ஃப்ரீவீலைக் குறை சொல்லாதீர்கள்

எஞ்சின் பூட்டிய சைக்கிளில் பின்சக்கரம் கடகடத்தால் பலரும் முதலில் ஃப்ரீவீலை மாற்றுவார்கள். பெரும்பாலும் அது வீண்செலவு. சட்டத்தின் நடுவில் பூட்டும் சீன டூ ஸ்ட்ரோக் கிட்டில் செயின்கள் இரண்டு. வலப்பக்கச் செயின் பெடலிலிருந்து ஃப்ரீவீலுக்குப் போகிறது. இடப்பக்கச் செயின் எஞ்சினிலிருந்து, ஸ்போக்குகளின் மேல் ரப்பர் வட்டு வைத்து 9 போல்ட்டால் முடுக்கிய ஸ்ப்ராக்கெட்டுக்குப் போகிறது. எஞ்சினின் இழுவை ஃப்ரீவீலைத் தொடுவதே இல்லை. ஆகவே கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, இடப்பக்கச் செயினின் லாக்கை எடுத்துச் செயினை விலக்குங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி விடுங்கள். சக்கரம் ஓடும்போது பெடலும் கூடவே சுற்றினாலோ, மேல்புறச் செயின் தொய்ந்தாலோ ஃப்ரீவீல் இறுகியிருக்கிறது. மிதிக்கும்போது பெடல் சட்டென்று வழுக்கினால் உள்ளிருக்கும் கொக்கிகள் பல்லைப் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் மெல்லிய எண்ணெய் விட்டுப் பாருங்கள். கிரீஸ் வேண்டாம், கொக்கிகளைத் தூக்கும் சன்னமான ஸ்பிரிங்குகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகும் வழுக்கினால் புதிது போடுவதே நல்லது.

இந்தச் சோதனையில் சத்தமில்லை என்றால் குற்றவாளி இடப்பக்கம். செயினை மாட்டி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் விறைத்து, இன்னோரிடத்தில் தொய்ந்தால் ஸ்ப்ராக்கெட் மையத்தில் இல்லை. பக்கவாட்டில் ஆடினால் போல்ட்டுகளின் முடுக்கம் சமமாக இல்லை; எதிரெதிராகச் சிறுகச் சிறுக முடுக்குங்கள். பிறகு பின்னாலிருந்து பாருங்கள்: எஞ்சின் பல்சக்கரமும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கிட்டோடு டென்ஷனர் வருகிறதே, அது எதற்கு என்று கேட்கலாம். அது தொய்வை வாங்கும், கோணலை நிமிர்த்தாது. கோணலை மறைக்க அதை இறுக்கினால், அதிர்வில் திரும்பி ஸ்போக்குக்குள் புகுந்து சக்கரத்தையே பூட்டிவிடும். ஓட்டத்தில் அப்படி நடந்தால் ஆளுக்கே ஆபத்து. ஆகவே டென்ஷனர் கடைசி வேலை. செயின் மிக விறைப்பான இடத்திலும் சுமார் 12 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் புதுச் செயினே போட்டுவிடலாமே என்பார்கள். கோணலான ஸ்ப்ராக்கெட் அதையும் தின்றுவிடும். செயின் தேய்ந்ததா என்பதை ஸ்கேலே சொல்லும்: 24 கண்ணிகள், பின்னுக்குப் பின், புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 308 ஆகியிருந்தால் மாற்றுங்கள். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் அமுங்கிப் படியும் என்பதால், சிறிது தூரம் ஓட்டியதும் அந்த 9 போல்ட்டையும் மறுபடி முடுக்க வேண்டும்.